பெறுதலும் ஏற்றலும்: பழுதுற்ற பொருளும் பயனீட்டாளர் உரிமையும்

பெறுதல், ஏற்றல் என்னும் இரு சொற்களையும் நம் மாணவர் ஒரே பொருளில் எழுதிவிடுகின்றனர். பழைய நூல்களில் ஏற்றல் என்பது இரந்து பெறுதலையும் குறிக்குமாதலின், அவர்களை முற்றும் குறை கூறவும் இயலாது. ஆயினும் இன்றைய வழக்கில் இவ்விரண்டற்கும் தெளிவான வேறுபாடு உண்டு. "அழைப்பிதழைப் பெற்றேன்" என்று ஒருவர் எழுதினால் அவர் விழாவுக்கு வருவதாக ஒப்புக்கொள்ளவில்லை. "அழைப்பை ஏற்றேன்" என்று எழுதினாலோ வருவதாக வாக்களித்துவிட்டார். கைக்கு வந்து சேர்வது பெறுதல். மனம் ஒப்பிக் கொள்வது ஏற்றல்.

இவ்வேறுபாடு இலக்கண வகுப்போடு நின்றுவிடுவதன்று. இரண்டாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய குளிர்பதனப் பெட்டி நசுங்கிய நிலையில் வீடு வந்து சேரும் நாளில், அப்பணத்தைக் காப்பதும் இழப்பதும் இவ்விரு சொற்களின் வேறுபாட்டிலேயே அடங்கியிருக்கின்றன. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கையெழுத்து என்னும் அச்சம்

எம் பள்ளி மாணவி ஒருத்தியின் தாயார் ஒருநாள் காலை ஒரு சீட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். மிகைநேர ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1,780 வெள்ளிக்கு இரண்டு கதவுள்ள குளிர்பதனப் பெட்டி ஒன்றை வாங்கியிருந்தார். கடைக்காரரின் லோரி பொழுது சாய்ந்த பின்னர் வந்திருக்கிறது. இன்னும் மூன்று வீடுகளுக்குப் போக வேண்டும் என்று ஆட்கள் அவசரப்படுத்தியிருக்கின்றனர். அட்டைப் பெட்டியைப் பிரிக்காமலேயே அவர் கையொப்பமிட்டுவிட்டார். இரவில் பிரித்துப் பார்த்தபோது வலப்பக்கம் உள்ளங்கை அகலத்திற்கு உள்ளே அழுந்தியிருந்தது. கீழ்க்கதவும் சரியாகப் பொருந்தவில்லை.

"கடைக்குப் போன் பண்ணினேன் சார். கையெழுத்துப் போட்டாச்சு, இனி எங்க பொறுப்பு இல்லேன்னு சொல்லிட்டாங்க. சரி, நம்ம தப்புதானேன்னு விட்டுட்டேன். இந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

பொருள்கள் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டன என்று அச்சீட்டில் மலாயில் அச்சிட்டிருந்தது. அதனைப் படித்துக் காட்டும்போது எனக்குள் ஒரு நாணம் எழுந்தது. பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக்கு வந்த துணி துவைக்கும் இயந்திரமும் உடைந்த மூடியோடுதான் வந்தது. நானும் கையொப்பமிட்டிருந்தேன், கடையில் இதே மறுமொழியைக் கேட்டேன், வாய் திறவாமல் திரும்பினேன். ஆசிரியர் பயிற்சி பெற்றவன், பிறர்க்கு மனு எழுதிக் கொடுப்பவன், தனக்கென ஒரு வரி எழுதவில்லை!

நம் பாட்டன்மார் தமக்குப் படிக்கத் தெரியாத ஏடுகளில் பெருவிரல் பதித்தவர்கள். பதித்த பின்னர் அதில் எழுதியிருப்பதே முடிவு. மறுத்துப் பேச வழியில்லை. கைநாட்டுப் போய்க் கையெழுத்து வந்துவிட்டது. ஆனால் "வைத்தது வைத்ததுதான்" என்னும் அந்த அச்சம் மட்டும் நம்மை விட்டு நீங்கவில்லை.

1957-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவது

தீபகற்ப மலேசியாவில் பொருள் விற்பனையை ஆள்வது 1957-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம். இது 1930-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைப் பெரிதும் ஒட்டி அமைந்தது. நாம் மேலே கண்ட சொல் வேறுபாடு இச்சட்டத்தில் அப்படியே இடம்பெற்றுள்ளது. வாங்கியவர் முன்னரே பார்த்திராத பொருளை ஒப்படைக்கும்போது, அதனைச் சோதித்துப் பார்க்கத் தக்க வாய்ப்பு அவருக்குக் கிடைக்கும் வரை அவர் அதனை ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படமாட்டார் என்கிறது 41-ஆம் பிரிவு. எப்போது ஏற்றவராவார் என்பதை 42-ஆம் பிரிவு கூறுகிறது. ஏற்றுக்கொண்டதாக விற்றவருக்குத் தெரிவித்தால், அல்லது தமக்கே உரிய பொருள்போல் அதனைக் கையாண்டால், அல்லது மறுப்பைத் தெரிவிக்காமல் நெடுநாள் வைத்திருந்தால் ஏற்றவராவார். மறுத்த பொருளைத் தாமே சுமந்து சென்று திருப்பிக் கொடுக்கும் கடமை வாங்கியவருக்கு இல்லை, மறுப்பைத் தெரிவித்தாலே போதும் என்கிறது 43-ஆம் பிரிவு.

ஆகவே, மூடிய பெட்டியைக் கண்டு இடும் கையொப்பம் பெட்டி வந்து சேர்ந்ததற்குச் சான்று. உள்ளிருக்கும் பொருளைச் சோதித்து ஏற்றதற்கு அது முடிந்த முடிபான சான்றாகாது. "நல்ல நிலையில்" என்ற அச்சு வாசகத்தைக் கடைக்காரர் தம் பக்கச் சான்றாகக் காட்டக்கூடும். அதனால் நம் வேலை சற்றுக் கடினமாகும். கடினமாவது வேறு, உரிமை அழிவது வேறு.

1999-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டியது

பழைய சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அச்சட்டம் தரும் காப்புகளை விற்பவரும் வாங்குபவரும் தம் ஒப்பந்தத்தினால் விலக்கிக்கொள்ளலாம் என 62-ஆம் பிரிவு இடம் கொடுத்தது. விற்பவர் ரசீதின் அடியில் சிற்றெழுத்தில் ஒரு வரி அச்சிட்டுவிட்டால், வாங்குபவர் கையில் எஞ்சுவது சிறிதே.

அந்த ஓட்டையை அடைத்தது 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். சட்டம் 599 என்பது அதன் எண். வீட்டுப் பயனுக்காக வாங்கும் பொருள்களுக்கு இச்சட்டம் தரும் உரிமைகளை எந்த ஒப்பந்தத்தினாலும் பறிக்க இயலாது என்பது அதன் 6-ஆம் பிரிவின் கருத்து. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாலும் பழுதுற்ற பொருளின் வகையில் அவ்வாசகம் நம் உரிமையைத் தடுக்காது. 2007-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி, இணையத்தில் வாங்கும் பொருளுக்கும் இச்சட்டம் பொருந்தும்.

விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருத்தல் வேண்டும் என்பது 32-ஆம் பிரிவு. ஏற்கத்தக்க தரத்திற்குச் சட்டம் ஐந்து இலக்கணம் கூறுகிறது: அது எதற்காக வாங்கப்படுகிறதோ அதற்குப் பயன்பட வேண்டும், தோற்றத்திலும் மெருகிலும் குறை இருத்தல் ஆகாது, சிறு பழுதுகளும் இருத்தல் ஆகாது, பாதுகாப்பானதாக இருத்தல் வேண்டும், நீடித்து உழைக்க வேண்டும். இவற்றைப் பொருளின் தன்மை, விலை முதலியவற்றோடு சேர்த்து அளக்க வேண்டும். குறையை முன்னரே எடுத்துக் காட்டி, அதற்கெனவே விலையைக் குறைத்து விற்ற காட்சிப் பொருளுக்கு அக்குறையைச் சொல்லிப் பின்னர் வாதாட முடியாது.

நசுங்கல் அழகுக் குறை மட்டுமன்று

"பெட்டி குளிர்கிறதல்லவா? நசுங்கினால் என்ன?" என்று கேட்பது கடைக்காரர் வழக்கம். தோற்றத்தையும் சட்டம் எண்ணி வைத்திருக்கிறது என்பது இதற்கு முதல் விடை. இரண்டாம் விடை அப்பெட்டியின் அமைப்பிலேயே உள்ளது.

இக்காலத்துக் குளிர்பதனப் பெட்டிகள் பலவற்றில் வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய குழாய், பக்கச் சுவர்களின் தகட்டுக்கு உள்ளே மறைவாக ஓடுகிறது. பெட்டி வேலை செய்யும்போது பக்கங்கள் சூடாக இருப்பது அதனாலேதான். அத்தகைய சுவர் அழுந்தும்போது குழாய் நெளியலாம். சிறு கீறல் விழுந்தால் குளிர்பதன வாயு கசியலாம். முதல் நாள் நன்றாகக் குளிர்ந்த பெட்டி சில வாரங்களில் குளிராமற் போவதற்கு இஃது ஒரு காரணம். இன்றைய வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடிய வாயு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். கதவு பொருந்தாவிட்டாலோ வெளிக்காற்றும் ஈரமும் உட்புகும், உறைபனி கட்டும், இயந்திரம் ஓய்வின்றி ஓடும், மின்கட்டணம் ஏறும். ஆகவே அழகு, பாதுகாப்பு, உழைப்பு என்னும் மூன்றையும் ஒரு நசுங்கல் ஒருங்கே கெடுக்கலாம்.

எவற்றைக் கேட்கலாம்?

41-ஆம் பிரிவு முதலியவை நமக்குரிய பரிகாரங்களை வரிசையாகக் கூறுகின்றன. குறை திருத்தக்கூடியதாயின், தக்க காலத்திற்குள் திருத்தித் தருமாறு விற்றவரைக் கேட்கலாம். அவர் பழுது பார்த்தோ பொருளை மாற்றியோ அதனை நிறைவேற்றலாம். பழுது பார்ப்பது இயலாதெனில் பணத்தைத் திருப்பித் தரலாம். அவர் மறுத்தாலும், காலம் கடத்தினாலும், முயன்று தோற்றாலும், பிறரிடம் பழுது பார்த்து அச்செலவை அவரிடம் பெறலாம். அல்லது பொருளை மறுத்துவிடலாம்.

குறை திருத்த முடியாததாகவோ பெரிதாகவோ இருப்பின் பொருளை மறுத்து, கொடுத்த பணத்தையோ அதே வகையான வேறு பொருளையோ கேட்கலாம். பொருளை வைத்துக்கொண்டு மதிப்புக் குறைவுக்கு ஈடு கேட்கவும் வழியுண்டு. பெரிய குறை எது என்பதற்குச் சட்டம் எளிய உரைகல் ஒன்றைத் தருகிறது. இக்குறை முழுவதையும் முன்பே அறிந்த நியாயமான ஒருவர் இப்பொருளை வாங்கியிருப்பாரா? வாங்கியிருக்கமாட்டார் எனின் அது பெரிய குறை. பாதுகாப்பற்ற பொருளும் அவ்வகையில் அடங்கும்.

எடுத்துச் செல்லப் பெருஞ்செலவாகும் கனமான பொருளை மறுக்கும்போது, விற்றவரே தம் செலவில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு இருப்பினும் ஒன்றை மறத்தலாகாது. நிறம் பிடிக்கவில்லை, வேறு கடையில் விலை குறைவு என்பன பழுதுகள் அல்ல. மனம் மாறியதற்கு இச்சட்டம் பரிகாரம் தருவதில்லை.

மூன்று மறுமொழிகள்

"உற்பத்தியாளரைப் பாருங்கள்" என்பது கடைகளில் கேட்கும் முதல் மறுமொழி. உற்பத்தியாளர் தரும் உத்தரவாத அட்டை நமக்குக் கூடுதலான ஒரு காப்பு. விற்றவரின் பொறுப்புக்கு அது மாற்றாகாது. நாம் பணம் கொடுத்தது யாரிடமோ அவரிடமே முதலிற் கேட்க வேண்டும்.

"லோரிக்காரர் செய்த தவறு" என்பது இரண்டாவது. வீடு வரை கொண்டுவந்து தருவதாக ஒப்புக்கொண்டவர் கடைக்காரராயின், லோரி நிறுவனத்தோடு அவருக்குள்ள கணக்கு அவர்களுக்குள் தீர்க்க வேண்டியது. நாமே வண்டி அமர்த்தி எடுத்துவந்தாலோ நிலைமை வேறு. வழியில் நேரும் சேதம் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். பத்து வெள்ளி மிச்சம் பிடிக்க எண்ணி நண்பரின் வேனில் ஏற்றுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

"தவணை நிறுவனத்தைக் கேளுங்கள்" என்பது மூன்றாவது. தவணையில் வாங்கியோர் கடைக்கும் தவணை நிறுவனத்துக்கும் சேர்த்தே புகார் எழுதுவது நலம். சினத்தில் தவணைப் பணத்தை நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் குற்றம் சாட்ட வந்தவர் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவார்.

முதல் நாளிற் செய்ய வேண்டுவன

உரிமை பெரிதாயினும் அதனைக் காப்பது நம் விழிப்பே. ஆட்கள் இருக்கும்போதே பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் நிற்க மறுத்தால், "பிரித்துப் பார்க்கவில்லை" என்று சீட்டில் எழுதி, அதன்கீழ்க் கையொப்பமிட வேண்டும். குறை தெரிந்தால் அக்குறையைச் சீட்டிலேயே எழுத வேண்டும். அட்டைப் பெட்டியையும் நுரைத் தடுப்புகளையும் சில நாள் எறியாமல் வைத்திருப்பது நன்று. அட்டையிற் கிழிந்த இடமும் தகட்டில் அழுந்திய இடமும் ஒத்திருப்பது நல்ல சான்று. கைப்பேசியிற் படம் எடுக்கும்போது வரிசை எண் பொறித்த தகடும் தெரிய எடுக்க வேண்டும். இணையத்தில் வாங்கியதாயின், பிரிப்பதைத் தொடக்கம் முதலே அசைபடமாக எடுத்துவிடலாம்.

பொருளை நாமே கெடுத்துக்கொள்ளாமல் இருப்பதும் இதன் ஒரு பகுதி. படுக்க வைத்துக் கொண்டுவந்த குளிர்பதனப் பெட்டியில், அழுத்தியினுள் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். அதனை நிமிர்த்திவைத்துச் சில மணி நேரம், அல்லது கையேட்டில் சொன்ன நேரம் கழித்தே மின்விசையைப் போட வேண்டும். முன்பக்கக் கதவுள்ள துணி துவைக்கும் இயந்திரத்தில், பயணத்தின்போது உருளை ஆடாதிருக்கப் பின்புறம் முடுக்கியிருக்கும் திருகாணிகளைக் கழற்றாமல் ஓட்டினால் அது துள்ளும். அது பொருளின் பழுதன்று. நசுங்கிய பெட்டியை மாதக்கணக்கிற் பயன்படுத்திவிட்டுப் பின்னர் மறுக்க முனைந்தால், "நீரே ஏற்றுக்கொண்டீர்" என்னும் வாதத்திற்கு நாமே இடம் கொடுத்தவராவோம். குறை கண்ட அன்றோ மறுநாளோ எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

கடிதம் எழுதும் முறை

தொலைபேசியிற் பேசியது காற்றோடு போகும், எழுதியது நிற்கும். கடிதத்தில் சினமும் வேண்டா, கெஞ்சலும் வேண்டா. நாள், பொருள், குறை, கோரிக்கை, கெடு என்னும் ஐந்தும் அவ்வரிசையில் இருந்தாற் போதும். நாம் வகுப்பிற் கற்பிக்கும் அலுவல் கடிதமே அது. ஒரு மாதிரி வருமாறு:

"ஐயா, இம்மாதம் 6-ஆம் நாள் தங்கள் கடையில் 1,780 வெள்ளி செலுத்தி ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்கினேன். ரசீதின் படி இணைக்கப்பட்டுள்ளது. 9-ஆம் நாள் மாலை அது என் வீட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. அன்றிரவு பிரித்துப் பார்த்தபோது வலப்பக்கம் நசுங்கியிருப்பதையும் கீழ்க்கதவு பொருந்தாமையையும் கண்டேன். படங்கள் நான்கு இணைத்துள்ளேன். இப்பொருளை நான் ஏற்கவில்லை. பதினான்கு நாள்களுக்குள் இதனை எடுத்துக்கொண்டு வேறு பெட்டி தருமாறு, அல்லது பணத்தைத் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன். இல்லையேல் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முறையிடுவேன்."

"நான் ஏற்கவில்லை" என்னும் இரண்டு சொற்களே இக்கடிதத்தின் உயிர். கடிதத்தை மலாயில் எழுதலாம். வாட்ஸ்அப்பில் படமாகவும் அனுப்பலாம். அனுப்பியதற்குச் சான்று கையில் இருத்தல் வேண்டும்.

ஐந்து வெள்ளியில் ஒரு நடுவர் மன்றம்

கடிதத்திற்குப் பயன் விளையாவிடில் அடுத்த படி பயனீட்டாளர் நடுவர் மன்றம். "திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா மலேசியா" என்பது அதன் மலாய்ப் பெயர். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின்கீழ் இயங்குவது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அமைக்கப்பட்டது. முதலிற் பத்தாயிரம் வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது கேட்டது. 2003-இல் இருபத்தையாயிரமாகவும், 2019-இல் ஐம்பதாயிரமாகவும் அவ்வரம்பு உயர்த்தப்பட்டது.

மனுவைப் பதியக் கட்டணம் ஐந்து வெள்ளி. உரிமை எழுந்த மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். முதலாம் பாரத்தில் நடந்ததைச் சுருக்கமாக எழுதினாற் போதும். இணையம் வழியாகவும் பதியலாம். இம்மன்றத்தில் வழக்கறிஞர் தோன்றி வாதாட இடமில்லை என்பது இதன் தனிச்சிறப்பு. பெரிய நிறுவனமும் தோட்டத் தொழிலாளியும் தத்தம் வாயாலேயே பேச வேண்டும். இரு தரப்பையும் இணக்கத்திற்குக் கொண்டுவர மன்றம் முதலில் முயலும். இயலாதெனில் விசாரித்து, கூடிய வரையில் முதல் விசாரணை நாளிலிருந்து அறுபது நாளுக்குள் தீர்ப்பளிக்கும். தீர்ப்பை நிறைவேற்றாமை தண்டத்திற்கோ சிறைக்கோ உரிய குற்றமாகும்.

எழுதவோ பேசவோ தயங்குவோர் தமிழில் ஆலோசனை பெறவும் இடம் உண்டு. எஸ். எம். முகம்மது இத்ரீஸ் அவர்கள் 2019-இல் மறையும் வரை நெடுங்காலம் தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், இத்துறையில் தமிழ் மக்களிடையேயும் தொண்டாற்றி வருவது.

நம் கடமை

அத்தாயாரின் செய்தி என்னாயிற்று என்று கேட்பீர்கள். கடிதத்தை நான் எழுதவில்லை. ஆறாம் ஆண்டில் பயிலும் அவர் மகளே என் மேசைக்கு எதிரே அமர்ந்து மலாயில் எழுதினாள். இரண்டு பிழைகளைத் திருத்தியது மட்டுமே என் பங்கு. பதினோராம் நாள் கடையிலிருந்து வேறு பெட்டி வந்தது. இம்முறை அத்தாயார் லோரி ஆட்களை நிற்கச் சொல்லி, நான்கு பக்கமும் தடவிப் பார்த்து, "பிரித்துப் பார்த்தேன், குறை இல்லை" என்று மகளைக் கொண்டு சீட்டில் எழுதச் செய்து, அதன்கீழ்க் கையொப்பமிட்டாராம்.

எல்லா வழக்கும் இவ்வாறு எளிதில் முடியும் என்று நான் கூறவில்லை. நடுவர் மன்றம் வரை செல்ல நேர்ந்தால் ஒரு நாள் கூலியும் போக்குவரத்துச் செலவும் போகும். சான்று போதாமல் தோற்கவும் கூடும். ஆனால் கேளாமலே தோற்பது ஒன்றை நாம் நிறுத்திவிடலாம்.

நுகர்வோர் என்று தமிழகத்தார் வழங்குவதை நாம் பயனீட்டாளர் என்கிறோம். பயனை ஈட்டுபவர் என்பது அதன் பொருள். வியர்வை சிந்தி ஈட்டிய பணத்திற்குரிய பயனையும் ஈட்டினாலன்றி அப்பெயர் நமக்குப் பொருந்தாது. ஆசிரிய நண்பர்கள் அடுத்த முறை அலுவல் கடிதம் கற்பிக்கும்போது, இல்லாத ஊரின் நகராண்மைக் கழகத்திற்கு எழுதச் சொல்வதோடு நில்லாமல், நசுங்கி வந்த ஒரு பெட்டியைப் பற்றியும் எழுதச் சொல்வார்களாக. மாணவர் வீட்டில் அக்கடிதம் என்றேனும் தேவைப்படும். அன்று அவ்வீட்டார் பெற்றதை எல்லாம் ஏற்க வேண்டியதில்லை என்பதை அறிந்திருப்பர்.